லைட்டுக்காரியின் பதினான்கு நாள்

என் கொழுந்தன் பெண்டாட்டிக்கு எங்கள் வீட்டில் பெயர் லைட்டு. அம்மா அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு, ஆனால் அது ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் மட்டும்தான் வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் லைட்டு, லைட்டுச் சித்தி, லைட்டுக்காரி. என் வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. செய்கிற வேலையைத்தானே சொல்கிறார்கள், திருடி என்றா சொல்கிறார்கள் என்பாள்.

வேலை என்னவென்றால், கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் முட்டைக்கு லைட் பார்ப்பது. மெஷினில் அடைவைத்த முட்டைகளைப் பத்தாம் நாள் வெளியே எடுத்து ஓர் இருட்டறைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும். தட்டை அதன்மேல் தள்ளினால் எண்பத்துநாலு முட்டைக்குள்ளும் ஒரே நேரத்தில் வெளிச்சம் பாயும். உயிர் இருக்கிற முட்டை இருண்டு தெரியும், சிவப்பு நரம்பு ஓடியிருக்கும், உற்றுப் பார்த்தால் கரும்புள்ளி ஒன்று ஆடும். நடுவில் செத்துப்போனதில் ரத்தம் வளையமாக ஒட்டியிருக்கும். ஒன்றுமே நடக்காத முட்டை மட்டும் முழுசாக மஞ்சளாக எரியும். அவர்கள் பாஷையில் அது காலி. காலியையும் வளையத்தையும் பொறுக்கி வாளியில் போட வேண்டும். நாம் ஒரு தட்டைப் பார்த்து முடிப்பதற்குள் அவள் ஆறு தட்டு முடித்திருப்பாள். பத்தொன்பது வருஷம் அதே மேசை. கை முந்திக்கொள்ளும், கண் அப்புறம்தான் வரும் என்று அவளே பீற்றிக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. ஆம்லெட் போடுவதற்குக்கூட முட்டையை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்க்காமல் உடைக்க மாட்டாள். என் மகள் தலையில் ஈர் பார்க்க உட்கார்ந்தாள் என்றால் ஒன்றுகூடத் தப்பாது. இதுவும் முட்டைதான், இதில் மட்டும் காலியே கிடையாது, அத்தனையும் பொரித்துவிடும் என்று சொல்லிச் சொல்லி மகளை அலற வைப்பாள்.

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன். என் மேசை சுவருக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துக்கொண்டே சொல்வதை ஹெட்போனில் கேட்டு அடிப்பேன். கருமுட்டை, சினைப்பை, நீர்க்கட்டி, முட்டை வளர்ச்சி இத்தனை எம்எம் என்று நாள் முழுக்க நானும் முட்டையை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டைப்போல முட்டை புழங்கிய வீடு வேறு இருக்காது. மகள் கணக்குப் பரீட்சையில் வாங்கி வருவது முட்டை. என் வீட்டுக்காரர் கோபத்தில் விழித்தால் முட்டைக்கண். அவர் சோபாவை விட்டு எழாமல் டிவி பார்த்தால் என்ன அடைகாக்கிறீர்களா என்று நான் கேட்பேன். யார் எதை மறந்தாலும் கூமுட்டை. காலையில் பல் தேய்ப்பதற்குள் அந்தச் சொல் இரண்டு தடவையாவது பறந்துவிடும். மாடியில் குடியிருக்கிற லைட்டு, ஹேச்சரியில் கூமுட்டை என்றால் என்ன தெரியுமா என்று எங்களுக்கு வகுப்பே எடுப்பாள். உயிர் செத்து உள்ளேயே அழுகிப்போன முட்டை அது. மெஷின் சூட்டில் காற்று சேர்ந்து சேர்ந்து ஒருநாள் பட்டென்று வெடிக்கும். வெடித்தால் அந்த அழுகல் சுற்றியிருக்கிற நல்ல முட்டைகள்மேல் எல்லாம் தெறித்து அவையும் கெட்டுப்போகும். அதற்குப் பயந்துதான் லைட் பார்ப்பதே.

கல்யாணமாகி முதல் வருஷம் சும்மா போனது. அதற்கப்புறம் எட்டு வருஷம் ஆஸ்பத்திரி. எங்கள் சென்டருக்குத்தான் வருவாள். முதல் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே சண்டைக்கு வந்துவிட்டாள். "சினைப்பைன்னு போட்டிருக்கீங்களேக்கா, நான் என்ன மாடா?" என்றாள். சினை என்றால் மாட்டுக்கும் மீனுக்கும்தான் அவளுக்குத் தெரியும். புத்தகம் எழுதியவனைப் போய்க் கேளு, நான் கூலிக்கு அடிக்கிறவள் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். இன்னொரு நாள் டாக்டரம்மா சந்தோஷமாக முட்டை வெடிச்சிருச்சு என்று சொன்னபோது இவள் ஸ்கேன் மேசையில் படுத்தபடியே நடுங்கிப்போனாளாம். வெளியே வந்து என் கையைப் பிடித்தாள், கை ஐஸாக இருந்தது. மாதாமாதம் கருமுட்டை பக்குவமாகி வெளியே வருவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள், நல்ல சேதிதான் என்று விளக்கினேன். தலையை ஆட்டினாள். ஆனாலும் நல்ல சேதியை இப்படியா சொல்வார்கள் என்று பஸ் வரும்வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் தங்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் கடைசி வைத்தியமும் கைவிட்ட மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். இவ்வளவு சொல்லிவிட்டு அதை மறைத்தால் நான் மனுஷியே இல்லை. மொட்டைமாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்து என் துணியெல்லாம் நனைந்துவிட்டது. மோட்டார் போட்டது அவள். கீழே இருந்து கத்தினேன்: "கூமுட்டை, மோட்டாரை அணைக்கத் தெரியாது உனக்கு?" வழக்கமாகக் கத்துவதுதான். அவள் வந்து மோட்டாரை அணைத்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபத்திரண்டு நாள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாய்க்கொழுப்பு இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு சொல்தான் வராது. அவளாகவே ஒருநாள் சர்க்கரை இரவல் கேட்டு இறங்கி வந்தாள், நானும் கொடுத்தேன், அப்படியே போனது. வைத்தியத்தை அதோடு நிறுத்திவிட்டாள்.

இந்த வருஷம் அவளுக்கு முப்பத்தேழு. ஒரு சனிக்கிழமை காலை படிக்கட்டில் என்னை வழிமறித்து, முந்தானைக்குள் இருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். இரண்டு கோடு. "தப்பா இருக்கும்லக்கா?" என்றாள். சந்தோஷம் முகத்தில் இல்லை. நான் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இரண்டு கோடுதான். படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை, என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பாருங்கள் நியாயத்தை.

திங்கட்கிழமை ஸ்கேன். கடைசியாகத் தூரமாகித் தலைக்குக் குளித்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் எட்டு வாரம் தாண்டியிருந்தது. எட்டு வாரம் என்றால் இதயம் துடித்தாக வேண்டும். நான் சுவருக்கு இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். டாக்டரம்மா வழக்கமாக மடமடவென்று சொல்லிக்கொண்டு போவார். அன்று நின்று நின்று வந்தது. கர்ப்பப்பைக்குள் பை தெரிகிறது, பன்னிரண்டு எம்எம். அப்புறம், கரு தெரியவில்லை என்றார். அதற்குப் பிறகு அவள் குரல் எனக்குக் கேட்டது. "காலிதானே டாக்டர்?"

அப்படிச் சொல்லக் கூடாது, தேதி முன்னே பின்னே இருக்கலாம், மறுபடியும் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், பதினாலு நாள் கழித்து வாருங்கள் என்றார் டாக்டரம்மா. நான் அடித்தேன். மறு ஸ்கேன், பதினான்கு நாள். என் விரல் பட்ட இடமெல்லாம் தப்பாக விழுந்தது, மூன்று தடவை அழித்து அடித்தேன்.

வெளியே பெஞ்சில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்கிரீனைத் தன் பக்கம் திருப்பிக் காட்டினார்களாம். கறுப்பாக ஒரு உருண்டை, உள்ளே ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் பார்த்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "காலிய உள்ளயே வச்சிருந்தா என்ன ஆகும்னு டாக்டருக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியும்." மனுஷ உடம்பு மெஷின் தட்டு இல்லையடி, இதில் அப்படியெல்லாம் ஆகாது என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அவள் சொன்ன விதத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அன்று தொடங்கியது. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் காய்ச்சல் பார்க்கிற கருவியை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் கையை மோந்து பார்த்தாள். புடவையை மோந்தாள். என் கொழுந்தனைக் கூப்பிட்டு, என்மேல் ஏதாவது நாற்றம் வருதா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாளாம். ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன் அவன், வாயில்லாப் பூச்சி. சோப்பு வாசனைதான் வருது என்றிருக்கிறான். நாள் முழுக்க ரொட்டி வாசனையில் கிடக்கிற மூக்கு, அதற்கு வேறு என்ன தெரியப்போகிறது என்று அதற்கும் சண்டை. என் மகள் வழக்கம்போலப் போய் மடியில் சாய்ந்தபோது மெதுவாக நகர்த்திவிட்டாள். எதற்கு என்று மகள் என்னைக் கேட்டாள். சித்திக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். எனக்குப் புரிந்தது. பக்கத்தில் இருப்பது கெட்டுவிடும் என்று பயந்திருக்கிறாள்.

ஐந்தாம் நாள் பதினோரு மணிக்குக் கொழுந்தன் எனக்குப் போன் செய்தான். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறான், பின்னால் ஹாரன் சத்தம். "அண்ணி, அவ கிளினிக் போறேன்னு கிளம்பிட்டா. மாத்திரை வாங்கிப் போட்டுட்டு இன்னைக்கே முடிச்சிடறேங்கிறா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா." ஹேச்சரி வாசலுக்கு எதிரே ஒரு கிளினிக் இருக்கிறது. ரிப்போர்ட்டோடு வந்தால் பார்க்கலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அந்த மாத்திரையை விழுங்கிவிட்டால் அப்புறம் எந்த ஸ்கேனும் எதற்கும் உதவாது. பையைக் காலி செய்கிற மாத்திரை அது. உள்ளே ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

யாருடைய கல்லீரல் ரிப்போர்ட்டையோ பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோ பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் டோக்கனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது. உள்ளே ஆறு போயிருந்தது. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை, பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து இடம் கொடுத்தாள்.

வழியெல்லாம் என்னென்னவோ பேச வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன். வெடிக்கிறதுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் அக்கா, ஒரு தட்டு முட்டைக்காக மெஷினைப் பலி கொடுப்பார்களா, நான் போய்விட்டால் உங்கள் கொழுந்தனுக்கு யார் இருக்கிறார்கள் என்று அவள்தான் பேசினாள். நிதானமாகப் பேசினாள், அதுதான் பயமாக இருந்தது. ஏழாம் நம்பர் உள்ளே போனது.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

"ஒரு தட்ட உன்கிட்ட கொண்டாந்து நீட்டினா, முதல்ல என்ன பாப்ப?"

"தேதிச் சீட்ட."

"எதுக்கு?"

"அடைவச்சு எத்தனாம் நாள்னு தெரியாம லைட் பாக்கக் கூடாதுக்கா. மூணாம் நாள் தட்ட பத்தாம் நாள்னு நெனச்சுப் பாத்தா எல்லாமே காலியாத்தான் தெரியும்."

"உனக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

அவளுக்கு நாற்பது நாளுக்கு ஒரு தடவை வரும், அறுபது நாளுக்கு ஒரு தடவை வரும், நீர்க்கட்டி வந்த நாளில் இருந்து அப்படித்தான்.

"அப்போ உன் தட்டுல தேதி எங்கடி ஒட்டியிருக்கு? என்னைக்கு வச்சதுன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? அந்த டாக்டருக்குத்தான் தெரியுமா?"

எட்டு என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்பது என்று கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை. நர்ஸ் வந்து இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பத்தாம் நம்பரை உள்ளே அனுப்பினாள். நாங்கள் இருவரும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தோம். டோக்கன் அவள் கை வியர்வையில் ஊறிப்போயிருந்தது.

தடுத்துவிட்டேன், சரி. அதற்கப்புறம் எனக்கு ஆரம்பித்தது. வாய்ச் சாமர்த்தியத்தில் ஒருத்தியை உட்கார வைத்துவிட்டேனே, உள்ளே நிஜமாகவே ஒன்றுமில்லை என்றால்? இன்னும் ஒன்பது நாள் காலிப் பையைச் சுமக்கச் சொன்ன பாவம் யாருக்கு? டாக்டரம்மாவிடம் போய், காய்ச்சல் வருமா, சீழ் பிடிக்குமா, உயிருக்கு ஆபத்தா என்று குடைந்தேன். காய்ச்சலோ ரத்தப்போக்கோ கடுமையான வலியோ வந்தால் உடனே கூட்டி வா, இல்லையென்றால் பயப்படாதே என்றார். அதற்கப்புறம் மாடியில் அவள் நடக்கிற சத்தம் நின்றால் எனக்கு இங்கே சோறு இறங்காது. ஒரு பாத்திரம் விழுந்தால் படியேறி ஓடுவேன். என்னக்கா என்பாள். ஒன்றுமில்லை, சர்க்கரை இருக்கிறதா என்பேன். அந்த வாரத்தில் நாலு தடவை சர்க்கரை இரவல் வாங்கினேன்.

அவள் மறுநாளே வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும், இருட்டறையில்தான் எனக்கு நிம்மதி என்றாள். சரி, கை வேலையில் இருந்தால் மனசு அடங்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அங்கே அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யாருக்குத் தெரியும்?

பதினோராம் நாள் ஹேச்சரி சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்தார். அவள் கொடுத்திருந்த அவசர நம்பர் என்னுடையது. கொஞ்சம் வரமுடியுமாம்மா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வாருங்கள் என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் சொன்னால் எனக்கு அதைவிடப் பயம் வேறில்லை.

வாசலிலேயே நிறுத்திக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். வெளிக்கிருமி உள்ளே போகக் கூடாதாம். குளித்து, தலையைப் பிளாஸ்டிக் தொப்பியில் திணித்து, எனக்கு இரண்டு சுற்றுப் பெரிய நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். வேறு நாளாக இருந்தால் என்னைப் பார்த்து நானே சிரித்திருப்பேன். உள்கதவைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. குமட்டிக்கொண்டு வந்தது. நான்கு பெண்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு ஒரு மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கீழே தட்டுதட்டாக முட்டைகள், மேலெல்லாம் பச்சையும் கறுப்புமாக ஏதோ வழிந்திருந்தது. ஒன்று வெடித்து, அந்த அதிர்ச்சியில் பக்கத்தில் இன்னும் இரண்டு வெடித்திருக்கிறது.

சூப்பர்வைசர் ஐம்பது வயதுக்காரர், கத்துகிற ஆள் இல்லை. ஒரு தட்டின் ஓரத்தைக் காட்டினார். லைட் பார்த்தவர் பென்சிலால் அடையாளம் போட வேண்டும் என்பது அங்கே முறை. லைட்டு போடுவது ஒரு சின்ன வட்டம். அந்தத் தட்டில் அவள் வட்டம் இருந்தது. அடுத்ததில் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. ஐந்து நாளாக அவள் ஒரு முட்டையைக்கூட வாளியில் போடவில்லை. காலி, வளையம் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டு மெஷினுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். பத்தொன்பது வருஷத்தில் இந்தம்மா தட்டில் ஒரு தப்பு நான் பார்த்ததில்லை என்றார் அவர். அவர் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

அவள் இருட்டறையில் இருந்தாள். மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, தட்டு ஏதும் இல்லாமல் கண்ணாடி வெறுமனே வெள்ளையாக எரிந்தது. அந்த வெளிச்சம் அவள் முகத்தில் கீழிருந்து அடித்தது. ஏம்மா இப்படிச் செய்தாய் என்று அவர் என் முன்னால் கேட்டார்.

"தேதி தப்பா இருந்தா, சார்?"

"நம்ம தேதி தப்பாகாதும்மா. நானே ஒட்டறேன்."

"ஒரு தடவ தப்பா இருந்தா? நான் தூக்கி வாளில போட்டுட்டு, அதுக்கப்புறம் தெரிஞ்சா? இத்தன வருஷத்துல எத்தன போட்டேனோ." அவள் இரண்டு கையையும் கண்ணாடிமேல் வைத்தாள். விரல்களுக்குள் ரத்தம் சிவப்பாகத் தெரிந்தது. "என்னால இனிமே எடுக்க முடியாது சார். கை வரல."

அவரை வெளியே கூட்டிப்போய் விஷயத்தை நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி, மறுபடியும் மாட்டிக்கொண்டார். ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும், மேலே நான் எழுதித்தான் ஆக வேண்டும், என்ன சொல்வார்களோ தெரியாது என்றார். நல்லவர்தான். ஆனால் நூற்றுக்கணக்கான முட்டை போயிருந்தது. அவரைத் தப்புச் சொல்ல எனக்கு நாக்கில்லை. இதை ஆரம்பித்து வைத்தவளே நான்தான். கிளினிக்கில் பெரிய வக்கீல்போல மடக்கினேனே, அந்தப் பேச்சு போய் இங்கே வெடித்திருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது கேட்டாள், அந்த நாற்றம் மெஷினில் இருந்துதான் வந்ததா அக்கா என்று. நான் அவளை நிறுத்தி, நடுத்தெருவில், அவள் கழுத்தில் மூக்கை வைத்து மோந்தேன். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். "உன்மேல ஹேச்சரி சோப்புதான் நாறுது. சத்தியமா." இவ்வளவு நாளில் அன்றுதான் முதல் தடவையாக அழுதாள்.

பன்னிரண்டு, பதிமூன்று எப்படிப் போனதென்று கேட்காதீர்கள். பதிமூன்றாம் நாள் காலையில் பழுப்பாக ஒரு சொட்டுப் பட்டது. கொழுந்தன் அலறியடித்துக்கொண்டு இறங்கி வந்தான். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். கூடினால் உடனே வாருங்கள், இல்லையென்றால் நாளைக்கே பார்த்துவிடலாம் என்றார். கூடவில்லை. ஆனால் நாங்கள் மூன்று பேரும் அன்று முழுக்கக் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் உள்ளே போவாள், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், அவள் வெளியே வந்து தலையை ஆட்டுவாள். கொழுந்தன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டான், ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

பதினான்காம் நாளுக்கு முதல் டோக்கன் நானே போட்டு வைத்தேன். கொழுந்தன் உள்ளே வரமாட்டேன் என்றான். கண்டிப்பாக மயங்கி விழுவேன் அண்ணி, உங்களுக்கு இரட்டை வேலை ஆகிவிடும் என்றான். அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் என் மேசைக்குப் போகத் திரும்பினேன். லைட்டு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உள்ள வாங்கக்கா. நீங்க பாருங்க. நான் பாக்க மாட்டேன்."

இத்தனை வருஷம் சுவருக்கு இந்தப் பக்கமே இருந்தவள் நான், எனக்கு அதில் என்ன தெரியும்? ஆனாலும் போனேன். அறை குளிர்ந்து கிடந்தது. அவள் படுத்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள், முகமே சுருங்கிப்போகும் அளவுக்கு மூடினாள். என் கையைக் கொடுத்தேன். நகம் பதியப் பிடித்தாள். டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

ஸ்கிரீனில் சாம்பல் நிறத்தில் என்னவோ அலைந்தது. பிறகு அந்தக் கறுப்பு உருண்டை வந்தது. டாக்டரம்மா நிறுத்தினார். கருவியைக் கொஞ்சம் சாய்த்தார், திரும்ப நிமிர்த்தினார், கிட்டே குனிந்து பார்த்தார். கடவுளே, அவளிடம் என்ன சொல்வேன், இந்த வாயால் எப்படிச் சொல்வேன் என்றுதான் ஓடியது. மோட்டார் தண்ணீர் வழிந்த அன்று நான் கத்திய சொல் மண்டைக்குள் கேட்டது. அந்த உருண்டையைப் பார்க்கப் பயந்து நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

டாக்டரம்மா ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார்.

அறைக்குள் சத்தம் வந்தது. தடதடதடவென்று, வேகமாக, யாரோ மூச்சு வாங்க ஓடி வருவதுபோல. நான் திரும்பிப் பார்த்தேன். உருண்டைக்குள் ஓர் ஓரத்தில் அரிசி அளவுக்கு வெளுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் நடுவில் என்னவோ படபடத்தது.

லைட்டு கண்ணைத் திறக்கவில்லை. அவள் பிடி மட்டும் தளர்ந்தது.

"டாக்டர், இது யாருது?"

பக்கத்து அறையில் வேறு யாருக்கோ பார்க்கிறார்கள், அந்தச் சத்தம் என்று நினைத்திருக்கிறாள். டாக்டரம்மா என்னைக் கையால் காட்டி, நீயே சொல் என்பதுபோலச் சிரித்தார். ஊரையே வாயால் வாங்குகிறவள் நான், ஒரு வார்த்தை வரவில்லை.

"உன் வயித்துல இருந்துதான்டி வருது," என்றேன் கடைசியில். "நீ சொல்ற மாதிரி காலி இல்ல. இருக்கு."

அவள் கண்ணைத் திறந்தாள். ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. நான் பொய் சொல்கிறேனா என்று என் முகத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.